கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்த ஜோதிலிங்கம்

தில்லியில் ஆகஸ்ட் மாதத்தில் கம்பளி ஓவர்கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் நடந்த மனிதர், எனக்குத் தெரிந்து, கோவில்பட்டி ஜோதிலிங்கம் ஒருவர்தான். சரோஜினி நகரில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவருடையது. மழை விட்டுப் புழுங்கித் தள்ளும் காலையில், கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு, பால் பூத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவார். முகத்தில் வியர்வை ஊற்றும். நாய்கள் ஒதுங்கிப் போகும்.

"என்ன ஓய், காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"பழகணும்லா வே அய்யாசாமி! ஜெர்மனியில போய் எறங்கினப்புறம் கை எங்க நுழையுது, பொத்தான் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு நிக்கப்படாது பாரும்."

அவரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் பயம்தான். எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய பையன்கள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது, இரண்டு பேரும் தில்லியில் பிறந்தவர்கள், தமிழில் தங்கள் பெயரைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். எழுதலாம்.

எங்கள் அலுவலகம் விதை சம்பந்தப்பட்டது. எந்தக் கிடங்கில் எவ்வளவு கோதுமை விதை இருக்கிறது, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போக வேண்டும் என்று கணக்கு வைத்து அனுப்புகிற வேலை. இந்த வேலைக்காக எண்பத்தேழாம் வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதனோடு ஒரு ஏற்பாடும் வந்தது. கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பான அதிகாரி ஹாம்பர்க் நகரத்துக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி பெறலாம், டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. அந்தச் சேதி காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து ஜோதிலிங்கத்துக்குக் கம்ப்யூட்டர் மீது அடங்காத காதல் பிறந்தது.

அதுவரை அவர் மேஜை நாற்காலிகளைக் கவனிக்கிற பிரிவில் செக்‌ஷன் ஆபீசர். ஒரு கால்குலேட்டரை நம்பிக் கையில் கொடுக்க முடியாது. ஆனால் யார் வீட்டு வாசலில் எப்போது போய் நிற்க வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்த ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் டைரக்டர் சேஷன் தஞ்சாவூர்க்காரர். அவர் வீட்டு அரிசி, அப்பளம், பெருங்காயம் எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து யார் தோளில் ஏறிப் போயின என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். டைரக்டரின் மாமியார் காசிக்குப் போனபோது ரயிலடியில் கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் இவர்தான். கூஜா வீண்போகவில்லை. கம்ப்யூட்டர் அறையின் சாவி ஜோதிலிங்கத்தின் இடுப்புக்கு வந்தது. ஹாம்பர்க்குக்கு அவர் பெயரை எழுதி அனுப்புவதுதான் பாக்கி. அக்டோபர் முதல் வாரத்தில் இணைச் செயலாளர் நேரில் வந்து கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்ப்பார், திருப்தியானால் கையெழுத்துப் போடுவார் என்று சேஷன் சொல்லியிருந்தார்.

அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் ஜோதிலிங்கம் கோட்டுத் தைத்துவிட்டார். அவர் சம்சாரம் தாயம்மாள் அதற்கு மேல். "அண்ணாச்சி, அங்க பனியில புளி கெட்டியாயிருமாமே, பொடிச்சுக் குடுத்து விடவா?" என்று மாடி ஏறி வந்து என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கேட்டது என் மனைவியின் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தானே.

கம்ப்யூட்டர் அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அலுவலகத்தில் மற்ற அறைகளில் மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டு சுற்ற, அங்கே மட்டும் குளிர்சாதனம். தூசு ஆகாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஜோதிலிங்கத்துக்கு இது ஒன்று போதுமே! கோயில் தர்மகர்த்தா மாதிரி வாசலில் நின்றுகொண்டு, "செருப்பு, செருப்பு" என்று மிரட்டுவார். டெபுடி செக்ரட்டரிகளின் ஷூவைக் கழற்றவைத்த ஆனந்தம் அவருக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. டைரக்டர் சேஷன் மட்டும் உள்ளே வருவதே இல்லை. அவர் சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை என்று பியூன்கள் பேசிக்கொண்டார்கள்.

உள்ளே உண்மையில் வேலை செய்தவள் வத்சலா. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, டிப்ளமா வாங்கி, தற்காலிக வேலையில் வந்த பெண். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உத்தரவை நீட்டித்தால்தான் அவளுக்கு வேலை. அந்த நீட்டிப்புக்கு ஜோதிலிங்கம் குறிப்பு எழுத வேண்டும். ஆகவே அவள் பேசும்போது அவர் மேற்கூரையைப் பார்ப்பார், அவள் பேசி முடித்ததும் அவள் சொன்னதையே தன் யோசனையாக எல்லாரிடமும் சொல்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. தில்லியில் அதற்கு லீவு கிடையாது. மறுநாள் விஜயதசமி, காந்தி ஜயந்தியும் அதே நாள். அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை இணைச் செயலாளர் வருகிறார்.

வியாழன் காலை, கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து அரோரா என்கிற இன்ஜினியர் வந்தார். பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும், விதைக் கணக்கு முழுவதையும் புதிய முறைக்கு மாற்றி எழுத வேண்டும் என்றார். காலையில் ஓடவிட்டால் மறுநாள் காலைவரை தானாக ஓடும். யாரும் எதையும் தொட வேண்டாம், திங்கட்கிழமை சீக்கிரம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் பொருத்தி ஓடவிட்டார். சுவரில் பெரிய இரும்புப் பெட்டியும் அதன் பக்கத்தில் மெயின் கைப்பிடியும் இருந்தன. அதைக் காட்டி, "ஜோதி சாப், இஸ்கோ பந்த் மத் கர்னா. சப் குச் சலா ஜாயேகா" என்றார். நிறுத்திவிடாதே, எல்லாம் போய்விடும் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாஷையில் சொல்ல முடியும்?

"அச்சா, அச்சா" என்றார் ஜோதிலிங்கம். இந்தியில் அவர் எதற்குமே சொல்லும் பதில் அது.

தில்லியில் எந்த நேரம் மின்சாரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத் தரையில் பெரிய பேட்டரிப் பெட்டி ஒன்றையும் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனால் அது கீ கீ என்று கத்திக்கொண்டே ஒரு மணி நேரத்துக்குக் கம்ப்யூட்டரைத் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிடலாம். அரோரா அதையும் தட்டிப் பார்த்துவிட்டு, தசராவுக்கு ஜெய்ப்பூரில் மாமனார் வீட்டுக்குப் போக பஸ் பிடிக்கப் புறப்பட்டார்.

அவர் போனபின் வத்சலா தமிழில் இன்னொரு முறை சொன்னாள். நான் அப்போது கிடங்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன்.

"சார், நாம குவார்ட்டர்ஸ் மாத்தறச்சே என்ன ஆறது? பாதி சாமான் பழைய வீட்ல, பாதி டெம்போல, கொஞ்சம் புது வீட்ல. எது எங்க இருக்குன்னு அந்த டெம்போக்காரனுக்குத்தான் தெரியும். நடு ரோட்ல அவனைப் பிடிச்சு இறக்கிட்டா? இந்த வீடும் இல்ல, அந்த வீடும் இல்ல. இப்போ இது அப்படித்தான் இருக்கு. பந்த் பண்ணவே படாது சார்."

"எனக்கே பாடமா தாயி? நான் பாக்காத டெம்போவா? பதினோரு தடவ வீடு மாத்தினவன்."

"பழைய கணக்கோட காப்பி ஃப்ளாப்பியில இருக்கு சார், பீரோவுல. அதையும் பத்திரமா..."

"சாவி ஆருகிட்ட இருக்கு? எங்கிட்ட. அப்புறம் என்ன பத்திரம்?"

அவர் மனசெல்லாம் மத்தியானம் நடக்கப்போகிற பூஜையில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை! எந்த அலுவலகத்திலும் நடக்காத விசேஷம், டைரக்டரைக் கூப்பிட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், ஒரு பிரதி ஹாம்பர்க்குக்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு வாரமாகத் திட்டம். வாழையிலைக்கும் கொண்டைக்கடலைக்கும் காலையிலேயே ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் வந்திருந்தார். தாயம்மாள் சுண்டலை ஒரு பெரிய பித்தளைத் தூக்கில் நிரப்பி அனுப்பியிருந்தாள். சரோஜினி நகர் ஸ்டூடியோவிலிருந்து போட்டோக்காரர் கழுத்தில் ஃப்ளாஷோடு வந்து, செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று வாசலில் தகராறு செய்துகொண்டிருந்தார்.

பூஜைக்குச் சற்று முன்னால் வத்சலாவை டைரக்டர் அறைக்கு அனுப்பினார் ஜோதிலிங்கம். "அய்யாவக் கையோட கூட்டிக்கிட்டு வா. அவுக வராம நீ வராத." டைரக்டர் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வத்சலா வாசலில் நின்றாள். கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி அந்த மெயின் கைப்பிடியைப் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். பார்த்து என்ன பயன்? கைப்பிடியைப் பார்த்தாள். ஜோதிலிங்கத்தையல்லவா பார்த்திருக்க வேண்டும்.

நான் சுண்டலுக்காகப் போய்ச் சேர்ந்தபோது அறைக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே எங்கள் பிரிவுத் தமிழர்கள், வேடிக்கை பார்க்க வந்த பஞ்சாபி கிளார்க்குகள், சாம்பிராணிப் புகை. தூசு ஆகாது என்று டெபுடி செக்ரட்டரியைச் செருப்பில்லாமல் நிற்கவைத்த அறையில் கட்டிக் கட்டியாகச் சாம்பிராணி! கம்ப்யூட்டரின் மேலே மாலை. திரையின் நெற்றியில் விபூதிப் பட்டை. திரையில் பச்சை எழுத்துகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நாற்காலியில் வாழையிலை விரித்து, பீரோவிலிருந்து எடுத்த ஃப்ளாப்பிகளை வரிசையாக அடுக்கியிருந்தார். உறையிலிருந்து வெளியே எடுத்திருந்தார். அவற்றின் நடுவில் நீள்வட்டமாக ஒரு திறப்பு உண்டு. உள்ளே இருக்கும் பழுப்புத் தட்டு அதன் வழியாகத் தெரியும். அந்தத் தட்டில்தான் கணக்குப் பதிவாகியிருக்கும், அதில் விரல்கூடப் படக்கூடாது. ஒவ்வொன்றிலும் சரியாக அந்தத் திறப்புக்குள் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்திருந்தார் ஜோதிலிங்கம்.

"நெத்தி மாதிரியே எடம் விட்டிருக்கான் வே ஜெர்மன்காரன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

பிறகு தேவாரம் ஒன்றைப் பாதிவரை பாடினார், மீதி மறந்துபோனதால் கண்ணை மூடிக்கொண்டார். கற்பூரம் ஏற்றும் நேரம். அப்போதுதான் அவருக்கு அந்த ஞானம் உதித்தது.

"இருங்க, இருங்க. மிஷினு ஓடுது! ஆயுத பூஜைன்னா என்ன? இன்னைக்குப் பூரா ஆயுதம் ஓய்வா இருக்கணும். எங்க ஊர்ல இன்னைக்கு அருவாமனையக்கூடத் தொடமாட்டோம். ஓடுத மிஷினுக்குக் கற்பூரம் காட்டினா தரித்திரம்லா!"

"காலையில அந்த இன்ஜினியர் என்னமோ சொன்னாரே, ஓய்" என்றேன்.

"அரோராவுக்கு என்ன வே தெரியும், ஆயுத பூஜையப் பத்தி?"

அவர் நேரே போய் மெயின் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு போட்டோக்காரரைக் கூப்பிட்டார். "பையா, இதர். நான் இழுக்கறப்ப எடு. ஜல்தி!" கோட்டுப் போட்ட கை கைப்பிடியில், மறுகையில் கற்பூரத் தட்டு, முகத்தில் ஒரு சிரிப்பு. ஃப்ளாஷ் மின்னியது. கைப்பிடி இறங்கியது.

பேட்டரிப் பெட்டி தன் வேலையைச் செய்தது. கம்ப்யூட்டரைத் தாங்கிக்கொண்டு கீ கீ என்று கத்தத் தொடங்கியது. திரையில் எழுத்துகள் இன்னும் ஓடின. அந்த நிமிஷம்கூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கைப்பிடியை மேலே தள்ளியிருந்தால் போதும்.

"பூஜை நேரத்துல என்ன கத்து கத்துது, மூதேவி!" என்று குனிந்து, அதன் பொத்தானையும் அமுக்கி வாயை மூடினார். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வத்சலா அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். "டைரக்டர் சாருக்கு மீட்டிங்காம், சுண்டல் மட்டும்..." என்று ஆரம்பித்தவள், அறையில் இரைச்சல் இல்லாததைக் கேட்டாள். கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும்.

"சார்! யாரு பந்த் பண்ணா?"

"பூஜை முடிஞ்சுது. இந்தா, சுண்டல எடுத்துக்க."

"ஐயோ, டெம்போ நடு ரோட்ல நிக்கறது சார்! இப்பவே அரோராவுக்குச் சொல்லணும். காப்பியாவது..." என்று இலையைப் பார்த்தாள். ஒரு ஃப்ளாப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சந்தனம் காய்ந்து விரிசல் விட ஆரம்பித்திருந்தது.

"மறுபூஜை போடாம எதையும் தொடப்படாது. வையி கீழ" என்றார் ஜோதிலிங்கம். "நாளைக்கு லீவு. திங்கக்கிழமை நல்ல நேரம் பாத்து நானே போடுதேன். நீ போயி அரோரா கிரோரான்னு அய்யாகிட்ட நின்னேன்னு வையி, நவம்பர்ல உன் ஆர்டர் நீளாது, சொல்லிட்டேன்."

அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வத்சலா அப்படியும் அரோராவின் கம்பெனிக்கு டெலிபோன் செய்தாள். அரோரா ஜெய்ப்பூர் பஸ்ஸில் இருந்தார். டைரக்டர், சுண்டல் தின்றுவிட்டு, லீவுக்கு முந்தின நாள் எல்லா டைரக்டர்களும் செய்வதுபோலச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சரோஜினி நகர் மைதானத்தில் ராவணனைக் கொளுத்தினார்கள். ஜோதிலிங்கம் குடும்பத்தோடு முன் வரிசையில் நின்று, ராவணன் தலை வெடித்தபோது கை தட்டினார். ஓவர்கோட்டு போட்டிருந்தார்.

திங்கட்கிழமை நாங்கள் ஏறிய சார்ட்டர்ட் பஸ்ஸில் அவர் கையில் ஒரு கவர். ஸ்டூடியோக்காரர் ஞாயிறன்றே படங்களைக் கழுவிக் கொடுத்துவிட்டார். பஸ் முழுவதும் போட்டோ சுற்றி வந்தது. கலர்ப் படம், நன்றாகத்தான் வந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்த கை, கற்பூரத் தட்டு, சிரிப்பு. பின்னால் மாலை போட்ட கம்ப்யூட்டர், அதன் திரையில் வரிவரியாகப் பச்சை எழுத்து.

"எனக்குப் பின்னால பாரும், மிஷின் எப்படி ஜொலிக்குது!" என்றார்.

அலுவலகத்தில் போய் இறங்கியதும் முதல் காரியமாக டைரக்டர் அறைக்குப் போனார். டைரக்டர் இன்னும் வரவில்லை. மேஜை மேலிருந்த கண்ணாடியின் ஒரு மூலையை நெம்பித் தூக்கி, திருப்பதிப் பெருமாளைச் சற்று நகர்த்திவிட்டுத் தன் படத்தை அடியில் செருகினார். கையெழுத்துப் போடும்போது டைரக்டர் கண்ணில் முதலில் தான்தான் படவேண்டும் என்பது கணக்கு. அப்படியே ஆயிற்று.

பத்து மணிக்கு மறுபூஜை. ஒரு தேங்காய் உடைத்து, கைப்பிடியை மேலே தள்ளினார். பேட்டரிப் பெட்டியைத் தட்டினார். கம்ப்யூட்டர் உறுமியது. திரை வெளுத்தது. ஒரு சின்னப் பச்சைக் கோடு மூலையில் வந்து நின்று, கண் சிமிட்டியது. அவ்வளவுதான். அரோரா வந்து ஏதேதோ தட்டிப் பார்த்தார். பழைய மென்பொருள் பாதி அழிந்திருந்தது, புதியது பாதிதான் எழுதப்பட்டிருந்தது. கணக்கில் எந்தப் பகுதி பழைய முறையில் இருக்கிறது, எது புதிய முறையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை. "காப்பி தோ ஹை?" என்று கேட்டார். வத்சலா வாழையிலையோடு ஃப்ளாப்பிகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அரோரா ஒரு ஃப்ளாப்பியை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். மைசூர்ச் சந்தனம்.

"சப் கயா", எல்லாம் போச்சு என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இணைச் செயலாளர் வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, அந்தக் கண் சிமிட்டும் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனார். ஜோதிலிங்கத்தையும் வத்சலாவையும் கூப்பிட்டார்கள். கிடங்குக் கணக்கு என்னுடையது என்பதால் நானும் போய் நின்றேன். எனக்குக் கணக்கைப் பற்றிக் கவலை. ஜோதிலிங்கத்துக்கு இல்லை. அவருக்கு இப்போது ஒரே கவலை, ஹாம்பர்க். அதைக் காப்பாற்ற எதையும் எவரையும் எடுத்துப் போடத் தயாராக இருந்தார்.

"கரண்டு போயிட்டுதுய்யா" என்றார். "வியாழக்கெழம மத்தியானம். தில்லி கரண்டப் பத்தி அய்யாவுக்கு நான் சொல்லணுமா?"

சேஷன் அதை இங்கிலீஷில் சொன்னார். இணைச் செயலாளர் தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் மின்சாரம் போகாமலா இருக்கும்? அந்தத் தலையாட்டலைப் பார்த்து ஜோதிலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. ஹாம்பர்க் திரும்பி வந்துவிட்டது.

"கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும் சார்" என்றாள் வத்சலா.

"அந்தப் பேட்டரியப் பாத்துக்கிட வேண்டியது இந்தப் புள்ளதான்யா. எங்க போய் நின்னுதோ! சின்னப் பொண்ணு, தற்காலிகம், போகட்டும்னு நானும் விட்டுட்டேன். இனிமே வேற ஆளு போடலாம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இரக்கம்கூட இருந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அவர்மீது இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

சேஷன் பேனாவை எடுத்தார். எடுத்தவர் கண்ணாடி மேல் கையை ஊன்றினார், கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஜோதிலிங்கம், இங்க வாரும். இது யாரு?"

ஜோதிலிங்கம் பல்லெல்லாம் தெரியக் குனிந்தார். "நாந்தான்யா. காலையில வச்சேன்."

"என்னிக்கு எடுத்தது?"

"பூஜையன்னைக்கு."

"கையில என்ன?"

"கற்பூரம்யா."

"இந்தக் கையில இல்லை ஓய், அந்தக் கையில."

ஜோதிலிங்கம் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பின்னாடி மெஷின் ஓடிண்டிருக்கே? எழுத்தெல்லாம் தெரியறதே? கரண்ட் எங்கேர்ந்து ஓய் போச்சு, உம்ம கையிலேர்ந்தா?"

இணைச் செயலாளர், "க்யா ஹை, க்யா ஹை?" என்று எட்டிப் பார்த்தார். சேஷன் கண்ணாடியைத் தூக்கிப் படத்தை உருவிக் கொடுத்தார். அவர் வாங்கிப் பார்த்தார், ஜோதிலிங்கத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். கோபித்திருந்தால் ஜோதிலிங்கம் காலில் விழுந்து சமாளித்திருப்பார், அதில் அவருக்குப் பயிற்சி உண்டு. சிரிப்புக்கு என்ன செய்வது? இணைச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனபோது ஹாம்பர்க்கும் கூடவே போயிற்று.

அந்தப் பயிற்சி இடம் வேறு அமைச்சகத்துக்காரர் ஒருவருக்குப் போனதாகக் கேள்வி. வத்சலாவின் உத்தரவு நீண்டது. அவளுக்கு யாரும் நன்றியோ வருத்தமோ சொல்லவில்லை, எங்கள் அலுவலகத்தில் அந்தப் பழக்கமில்லை. விதைக் கணக்கு முழுவதையும் கிடங்குகளுக்குத் தந்தி கொடுத்து, பதில் வரவழைத்து, நாங்கள் கையாலேயே மறுபடி எழுதினோம். சில மாவட்டங்களுக்குக் கோதுமை விதை போய்ச் சேர்ந்தபோது விதைக்கிற காலம் தாண்டிவிட்டது. அங்கே நிலத்தை உழுது வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் யார் என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. ஜோதிலிங்கத்தை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்கிற கூட்டம் நாங்கள்.

அவரைச் சைக்கிள் ஸ்டாண்டையும் நாற்காலிகளையும் கவனிக்கிற பழைய பிரிவுக்கே மாற்றினார்கள். அதிலும் வெட்கப்பட்டாரா என்றால், இல்லை. டிசம்பர் வந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிள்களுக்கு நடுவில் கம்பீரமாக நடந்தார். புதிதாக வந்தவர்கள் கேட்டால், "ஜெர்மனிக்குன்னு தச்சது" என்பார். போனேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய அதிசயம், அந்தப் படம். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, முன்னறையில் டி.வி.க்கு மேலே மாட்டிவிட்டார்! தன்னைக் காட்டிக்கொடுத்த படத்தை! வருகிறவர்களை நிறுத்தி வைத்துக் காட்டுவார். "ஜெர்மன்காரன் மிஷினு. யானை கணக்கா உறுமிக்கிட்டு ஓடிச்சு. ஒரே இழுப்பு. நின்னுபோச்சு."

"ஆமா, அதோட உங்க பிளேனும் நின்னுபோச்சு" என்பாள் தாயம்மாள், சமையலறையிலிருந்து. அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியாது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சுண்டல் கொடுக்கக் கூப்பிட்டார். போனேன். வீட்டில் இருந்த கத்தி, மிக்சி, தையல் மிஷின், பையன்களின் பேட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம். சுவரில் அந்தப் படத்தின் கண்ணாடி மேலும் ஒரு பொட்டு. டி.வி.க்கும் பொட்டு வைத்திருந்தார். ஆனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ இந்திப் படம், பையன்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஓய், இது மட்டும் ஆயுதம் இல்லையா? நிறுத்தவில்லையே?" என்றேன்.

ஜோதிலிங்கம் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஓடிக்கிட்டு இருக்கத நடுவுல நிறுத்தினா கெட்டுப்போகும்லா வே" என்றார்.